வெறும் அறை

"அன்னிக்கே என் முதல் நாவலைக் கொளுத்திட்டேன்" என்றது காதுக்குள் குரல்.

கொஞ்சம் இடைவெளி. பிறகு அதே குரல், "இருந்தது. பிடிச்சுட்டீங்க" என்றது. அறை முழுக்கச் சிரிப்பு.

சவுண்டுக்காரர் பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டார். கொளுத்திட்டேன். இடைவெளி. இருந்தது, பிடிச்சுட்டீங்க. சிரிப்பு. ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு அந்த இடைவெளியை மட்டும் கேட்டார். மின்விசிறி சுற்றும் ஓசை. தூரத்தில் ஏதோ வண்டி. அவ்வளவுதான். ஒட்டுப்போட்ட இடம் தெரியவேயில்லை. நல்ல வேலை. அவர் செய்த வேலைதான்.

அந்த இடத்தில் அவருடைய மனைவி பேசியிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தபடி, கையைக்கூடத் தூக்காமல், "நகல் இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டாள். எழுத்தாளர் ஒரு கணம் திகைத்து, பிறகு ஒத்துக்கொண்டார். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. ஆனால் பார்வையாளர் குரல் பதிவில் வரக் கூடாது என்பது புத்தகக் கடையின் விதி. தவிர, அவள் குரல் மைக்கிலிருந்து தள்ளி, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல விழுந்திருந்தது. மறுநாளே அதை வெட்டி எடுத்து, அந்தப் பள்ளத்தில் அறையின் அமைதியை நிரப்பி, ஓரங்களை இழைத்து வெளியிட்டாயிற்று. கேட்டவர்களுக்கு, ஒரு மனிதர் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லித் தானாகவே மாட்டிக்கொள்வதுபோல இருந்திருக்கும்.

அவள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்துவிட்டது.

கடையின் மாடியில், கூட்டம் நடக்கும் அறைக்குப் பின்னால், விற்காத புத்தகக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசையும் கணினியும் உண்டு. ஒரு வாரமாக மதியம் முழுக்க அவர் அங்கேதான். மாதம் ஒரு எழுத்தாளர், எதிரே கேள்வி கேட்க ஒருவர், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். தாண்டித் தாண்டிக் கேட்கவும் முடியாது. அவள் எந்த இடத்தில் சிரித்திருப்பாள், எந்த இடத்தில் உச்சுக்கொட்டியிருப்பாள் என்று முன்கூட்டித் தெரியாது. மலையைப் பற்றி எழுதியவர், சிறையைப் பற்றி எழுதியவர், தன்னைப் பற்றி மட்டுமே எழுதியவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் மறுபடி வந்து அவர் காதில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். தான் விட்டுவைத்த ஒரு பிழையைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

தேடலைத் தொடங்கிவைத்தது மகள். வேறு ஊரில் இருக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்.

"அப்பா, அம்மா குரல் எதுலயாவது இருக்கா?"

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னா என்ன சொல்ல. கேக்கத்தான். குட்டி பேச ஆரம்பிச்சுட்டால்ல, ஒவ்வொரு வார்த்தையையும் கடைசியில இழுத்து விடறா. அப்படியே அம்மா மாதிரி. அவருகிட்டச் சொன்னா சிரிக்கிறாரு. நீ இப்ப எதைப் பாத்தாலும் அம்மாங்கறேன்னு சொல்றாரு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சுப்பா. அம்மா அப்படித்தான் இழுப்பாளா, இல்ல நானா நெனச்சுக்கறேனா?"

அவர் வாயைத் திறந்தார். மனைவி பேசுவதை மனதுக்குள் ஓடவிட்டுப் பார்த்தார். வார்த்தைகள் வந்தன. குரல் அவருடைய குரலாகவே இருந்தது.

"கல்யாண வீடியோவைப் போட்டுப் பாத்தேன்" என்றாள் மகள். "அம்மா வாய் அசையுது, மேல பாட்டை ஏத்தி வச்சிருக்கான் வீடியோக்காரன். போன்ல பேசி அனுப்புன்னா அனுப்பவும் மாட்டா. பட்டனை அழுத்துவா, ஒண்ணும் பேசாம விட்டுருவா, உடனே கூப்பிட்டு, அனுப்பினேன் வந்துச்சான்னு கேப்பா. அதனால உன்னையத்தான் நம்பியிருக்கேன். உங்கிட்ட இல்லாமலா போயிடும். ஊர்ல இருக்கறவங்க குரல் எல்லாத்தையும் வச்சிருக்கே."

"இருக்கும்மா. எடுத்து வைக்கிறேன்."

சமாதானத்துக்குச் சொன்ன பேச்சாக அது அவருக்குப் படவில்லை. இருக்கும் என்றுதான் அப்போது நம்பினார். அவள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

முன்பெல்லாம் அவர் மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தவர். ஆள் உயரப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று நின்று காது இரைய ஆரம்பித்ததும் அதை விட்டார். புத்தகக் கடையில் கூட்டம் நடத்தப்போகிறோம், பதிவு செய்து எல்லாரும் கேட்கும்படி போடப்போகிறோம், ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தார். மற்ற நாட்களில் கடைக்கு வேண்டிய மின்வேலை, பழுது, பெட்டி தூக்குவது எல்லாம் அவர்தான். சம்பளம் கம்மி, சத்தமும் கம்மி என்று மனைவியிடம் சொன்னார். "சத்தம் கம்மியா இருந்தாப் போதும். வீட்டுல நான் சொல்றதாவது உங்க காதுல விழும்" என்றாள் அவள்.

மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு மனைவியும் கூட வர ஆரம்பித்தாள். வயர்களும் பதிவுக்கருவியும் உள்ள பையைத் தூக்கிக்கொள்வாள். மடக்கு நாற்காலிகளை விரித்து வரிசையாகப் போடுவாள். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கடைசி வரிசையில், ஒலிக்கருவி மேசையை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அவள் பெரிதாகப் புத்தகம் படிப்பவள் இல்லை. "தனியா வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்கு, இங்க நாலு மனுஷங்களைப் பாக்கறேன். அவங்களும் நல்லாத்தான் பேசறாங்க. திட்டறதில்ல" என்பாள்.

கடைக்காரருக்கு இவரைவிட வயது குறைவு. வாய் ஓயாத மனிதர். அவர்தான் அவளுக்குக் 'கடைசி வரிசை' என்று பெயர் வைத்தார். "கடைசி வரிசை வந்தாச்சா? அப்ப ஆரம்பிச்சுடலாம்" என்று மைக்கிலேயே ஒருமுறை சொல்லிவிட்டார். அதையும் சவுண்டுக்காரர் மறுநாள் வெட்டினார்.

கூட்டம் முடிந்து பேருந்தில் திரும்பும்போது அவளுடைய மதிப்புரை தொடங்கும். தனிமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியவரைப் பற்றி, "தனிமைதான் வேணும்னு அத்தனை பேர் முன்னாடி சொல்றாரே, நான் ஒருத்தி எந்திரிச்சுப் போயிருந்தா மூஞ்சி சுருங்கியிருக்கும்" என்றாள். ஒரே நாவலைப் பல வருடம் எழுதியவரைப் பற்றி, "அத்தனை வருஷமும் அந்த வீட்டுல கரண்ட் பில் யாரு கட்டினாங்கன்னு ஒருத்தருக்காவது கேக்கத் தோணுச்சா?" என்றாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பார். அந்தப் பேச்சையெல்லாம் பதிவு செய்யவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கருவி பைக்குள் இருந்தது. பை அவள் மடியில் இருந்தது.

அவருடைய வேலை முறை இது. கூட்டத்துக்கு ஆட்கள் வருவதற்கு முன்பு வெறும் அறையை அரை நிமிஷம் பதிவு செய்துகொள்வார். காலி அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. விசிறி, சுவர், தெரு, புத்தகங்கள் உறிஞ்சியது போக மிச்சம். மாதத்துக்கு மாதம் அது மாறும். பிற்பாடு பதிவில் இருமலோ போன் மணியோ நாற்காலி உராய்வோ வந்தால் அதை அறுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் அறையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுவார். சும்மா வெட்டிவிட்டால் காது தடுக்கும். இப்படி ஒட்டினால் கடவுளுக்குக்கூடத் தெரியாது. "உங்க கடைப் பதிவு மட்டும் கழுவின கண்ணாடி மாதிரி இருக்கு" என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் எழுதுவார்கள். கடைக்காரர் அதைப் படித்துக் காட்டுவார். இவர் வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்பார்.

வெறும் அறை எடுக்கப்போகிறேன் என்றதும் கடைக்காரர் கீழே போய்விடுவார். அவரால் அரை நிமிஷம் சும்மா இருக்க முடியாது. மனைவி மட்டும் அறைக்குள் இருப்பாள். இவர் கையை உயர்த்தினால் எந்த நிலையில் இருக்கிறாளோ அந்த நிலையில் நின்றுவிடுவாள். ஒருதரம் கையில் பாதி விரித்த நாற்காலியோடு நின்றாள். ஒருதரம் ஒற்றைக் காலில் செருப்பு மாட்டியபடி. கையைத் தாழ்த்தியதும், "உங்க வீட்டுக்கு வந்ததிலேருந்து நான் வாயை மூடிட்டு இருந்தது இந்த அரை நிமிஷம்தான். நல்லாப் பதிஞ்சு வச்சுக்குங்க" என்பாள். அதற்குள் இவர் பொத்தானை அழுத்தி நிறுத்தியிருப்பார்.

அவளுக்கு இருமல் எப்போது வந்தது என்று கேட்டால், கணினித் திரையில் வந்தது என்றுதான் சொல்லவேண்டும். திரையில் பேச்சு ஒரு நீளக் கோடாக மேலும் கீழும் துடித்துக்கொண்டு ஓடும். அதில் ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு உருவம் இருக்கும். அவளுடையது, முதலில் ஒரு சின்ன முள், அதை ஒட்டி ஒரு பெரிய முள், பிறகு அடங்கும் ஒரு வால். காதில் கேட்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு கூட்டத்துக்கு ஒன்று இரண்டு வந்தது. பிறகு வாலும் முள்ளுமாகக் கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. அறுத்து ஒட்டினார். ஒரு மாதம் அதற்கே மதியம் சரியாகப் போய்விட்டது.

"உன்னால எனக்கு இன்னிக்கு அரை நாள் கூடுதல் வேலை" என்றார் வீட்டுக்கு வந்து.

"நான் என்ன வேணும்னா இருமறேன்?"

"மிட்டாய் எதாவது வாயில போட்டுக்க."

அவள் மிட்டாய் போட்டுக்கொண்டாள். மிட்டாய்த் தாள் பிரிக்கும் சத்தத்தையும் அவர் எடுக்கவேண்டியிருந்தது. பிறகு கைக்குட்டையை மடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அதற்கும் பிறகு, இருமல் வருகிறது என்று தெரிந்தால் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார ஆரம்பித்தாள். கடைசியாக வந்த கூட்டத்தில் முழு நேரமும் படியிலேயே இருந்தாள். கதவைத் தானே சாத்திக்கொண்டாள். அந்த மாதப் பதிவில் எடுக்க ஒன்றுமே இல்லை. வேலை சீக்கிரம் முடிந்தது.

அப்புறம் ஒருநாள் கைக்குட்டையில் சிவப்பைப் பார்த்து மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர், "எவ்வளவு நாளா இருமல்?" என்று கேட்டார். அவள் இவர் முகத்தைப் பார்த்தாள். "கொஞ்ச நாளா" என்றார் இவர்.

நுரையீரல் என்றார்கள். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி பக்கத்துக் கட்டில்காரர்களைப் பற்றி அவள் இவரிடம் ரகசியமாக மதிப்புரை சொன்னாள். பிறகு அவளுக்கு மூச்சு அதற்குப் போதவில்லை. மகள் வந்து சேர்வதற்கு முந்தின நாள் காலையில் போய்விட்டாள்.

கடைக்காரர் இரண்டு டீயோடு மாடியேறி வந்தார். புத்தகக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து, தம்ளரை மேசையில் வைத்தார்.

"கெடச்சுதாண்ணே?"

சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். "அவளுக்குப் பதில் சொன்னது கெடச்சிருக்கு."

"அதைக் குடுத்தா?"

"அதுல எழுத்தாளர்தான் இருக்காரு."

"ஒட்டு வேலைக்கு முந்தினது இருக்குமில்ல? அந்த மெமரி கார்டுல?"

"கார்டு மொத்தமே ரெண்டுதானே. மாத்தி மாத்தி அதிலயேதான் எழுதறோம்."

கடைக்காரர் தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் இப்படிப் பேசாமல் உட்கார்ந்து சவுண்டுக்காரர் பார்த்ததில்லை.

"நான்தாண்ணே கூட்டத்துக் குரல் வேண்டாம்னேன். கேள்வி கேக்கறேன்னு எந்திரிச்சு சொந்தக் கவிதையை வாசிக்கிறானுங்க. அதுக்காகச் சொன்னது. அக்காவுக்காகச் சொல்லல."

"நீங்க சொல்லாட்டியும் எடுத்திருப்பேன். குடிங்க, ஆறுது."

கடைக்காரர் கீழே போனார். சவுண்டுக்காரர் பதிவுகளை மூடிவிட்டுத் திரையை வெறித்தார். ஓரத்தில் ஒரு கோப்புறை இருந்தது. 'வெறும் அறை' என்று அவரே பெயர் போட்டது. ஒட்டுத் துணிபோல எப்போதாவது வேண்டியிருக்கும் என்று மாதாமாதம் எடுத்த அரை நிமிஷங்களை மட்டும் அவர் அழிப்பதில்லை.

திறந்தார். முதல் ஒன்றை ஓடவிட்டார். விசிறி. தெரு. அவள் அதற்குள் இருந்தாள். நாற்காலியைப் பிடித்தபடியோ, செருப்பை மாட்டியபடியோ, அவர் கை இறங்குவதற்காகக் காத்துக்கொண்டு. அடுத்ததை ஓடவிட்டார். அதற்கடுத்தது. ஒலியை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். விசிறி சூறாவளியாக வீசியது. தெரு வண்டி காதில் ஏறி ஓடியது. அவள் அசையவில்லை. சொன்ன வேலையை அத்தனை சுத்தமாகச் செய்திருந்தாள்.

அப்போதுதான் நீளத்தைக் கவனித்தார். ஆரம்பத்தில் எல்லாம் அரை நிமிஷம். போகப் போகக் குறைந்துகொண்டே வந்திருந்தன. கடைசி ஒன்று, மூச்சைப் பிடித்து விடும் நேரம்கூட இல்லை. குறைத்தது அவர்தான். எதிரே நிற்கிறவள் முகம் சிவந்து, கண் நிறைந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இதற்குமேல் தாங்கமாட்டாள் என்று கை தானாகத் தாழ்ந்திருக்கிறது. தாழ்ந்ததும் அவள் படிக்கட்டுக்கு ஓடியிருக்கிறாள். கைக்குத் தெரிந்திருக்கிறது. மாதாமாதம் தெரிந்திருக்கிறது.

அவர் கணினியை அணைத்துவிட்டு, டீத் தம்ளரை எடுத்துக்கொண்டு கீழே போனார். குடிக்காத டீயைத் தொட்டியில் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு, ஒரு பையோடு தனியாக வந்திருந்தாள். வந்ததும் சமையலறையைப் பார்த்து, "என்னப்பா இது, ஒத்தை ஆளுக்கு இவ்வளவு பாத்திரமா?" என்று கழுவிப்போட்டாள். அவர் சாப்பிட்டாரா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"குடு."

அவர் சிறிய பதிவுக்கருவியை எடுத்து, நல்ல ஹெட்போனை அதில் சொருகி, அவள் தலையில் மாட்டிவிட்டார். முடி சிக்காமல் ஒதுக்கிவிட்டார். நாவலைக் கொளுத்தியவரை ஓடவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சிரிப்பு வரும் இடத்தில் கண்ணைத் திறந்தாள்.

"யாருக்குப்பா பதில் சொல்றாரு?"

"அம்மாவுக்கு. நகல் இருந்துச்சான்னு கேட்டா."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேப்பா. கட்டாயம் கேப்பா." மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் கேட்டாள். "அவ கேக்கறது எங்க?"

"அதை எடுத்துட்டேன்."

"எடுத்துன்னா?"

"வெட்டிட்டேன்மா. வேலை அது."

அவர் அவசரமாக வெறும் அறை ஒன்றை ஓடவிட்டார். அவள் காத்திருந்தாள். அரை நிமிஷம் முடிந்தது.

"ஒண்ணுமே கேக்கலையே."

"அம்மா இருக்கா அதுல. அசையாம நிக்கறா. நான் கையைத் தூக்கினா நின்னுருவா." அவர் கையைத் தூக்கிக் காட்டினார். "இந்த மாதிரி நிறைய இருக்கு. எல்லாத்துலயும் அவ இருக்கா. வேற யாரும் கெடையாது. அவ மட்டும்தான்."

மகள் அவருடைய தூக்கிய கையைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தாள்.

"அப்பா. அம்மா இருமறதையும் எடுப்பேல்ல?"

"ம்."

"எப்பலேருந்து எடுத்தே?"

அவர் கையை இறக்கினார்.

"டாக்டர் கேட்டப்ப நீ கொஞ்ச நாளான்னு சொன்னதா அம்மா எங்கிட்டச் சொன்னா. அப்பா சொன்னாரு கொஞ்ச நாளான்னு, எனக்கும் அப்படித்தான் ஞாபகம்னா. உனக்கு ஒவ்வொண்ணும் தெரியுமேப்பா. ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்து எடுத்திருக்கியே."

"எனக்கு அது இருமலாப் படலம்மா" என்றார். "வேலையாப் பட்டுது."

வெளியே யாரோ கேட்டைத் திறந்து மூடினார்கள். மகள் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றாள். அழுகிறாளோ என்று பார்த்தார். அழவில்லை. ஜன்னல் கம்பியில் இருந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அனுப்பட்டுமா?" என்று கேட்டார். "போன்லயே வச்சுக்கலாம். சின்னதுதான்."

"வேண்டாம்பா."

"ஒண்ணாவது."

"வேண்டாம். நான் குட்டி பேசறதையே கேட்டுக்கறேன். அம்மா மாதிரிதான் இழுக்கறா. சந்தேகமா இருந்தாலும் பரவாயில்ல."

சாயங்காலம் இருவரும் சாப்பிட்டார்கள். அவள் குழந்தையின் படங்களைக் காட்டினாள். குழந்தை பேசும் வீடியோ ஒன்று வந்தபோது, ஓடவிடாமல் தாண்டிப் போனாள். அவரும் கேட்கவில்லை.

மறுநாள் மகள் காலைப் பேருந்தில் கிளம்பினாள். அவர் நிறுத்தம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனார். மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்வதாகச் சொன்னாள்.

அன்று மாதக் கூட்டம். அவர் மதியம் கடைக்குப் போய் நாற்காலிகளை விரித்தார். கடைசி வரிசையிலும் போட்டார். கடைக்காரர் கீழே போன பிறகு வெறும் அறையைப் பதிவு செய்தார். கை தூக்கத் தேவையிருக்கவில்லை. அரை நிமிஷம் முழுதாக எடுக்க முடிந்தது.

எழுத்தாளர் பெண்மணி. துறைமுகத்தைப் பற்றி எழுதியவர். ஏறக்குறைய எல்லா நாற்காலியும் நிரம்பியது. மூன்றாவது வரிசையில் சட்டைப்பையில் கண்ணாடி வைத்திருந்த ஒருவர் பேச்சின் நடுவே பலமுறை இருமினார்.

கூட்டம் முடிந்ததும் சவுண்டுக்காரர் அவரிடம் போனார். அவர் இவரைப் பார்த்ததுமே எழுந்துகொண்டார்.

"மன்னிக்கணும். ரெக்கார்டிங்ல விழுந்துடுச்சா?"

"விழுந்துது. அதுக்குக் கேக்கல. எவ்வளவு நாளா இருக்கு?"

"கொஞ்ச நாளாத்தான்."

"கூட யாராவது வந்திருக்காங்களா?"

அவர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அவருடைய மனைவி கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். சவுண்டுக்காரர் அந்த அம்மாளிடம், நாளைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போகும்படி சொன்னார். அந்த அம்மாள் சரி என்றார். இருவரும் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வரிசையில் போய் நின்றார்கள்.

அவர் வயர்களைச் சுருட்டினார். நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கினார். கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பேருந்தில் வீட்டுக்குப் போனார். பை அவர் மடியில் இருந்தது.